அப்பனுக்கு உண்டு, மகனுக்கு இல்லை

அமெரிக்காவில் நான் இருக்கும் இந்த உட்டா மாகாணத்து ஊரில் யாரைச் சந்தித்தாலும், பெயருக்கு அடுத்தபடியாக, உங்கள் தாத்தா யார், அவருடைய அப்பா யார் என்றுதான் கேட்பார்கள். இங்கே எல்லாரும் மார்மன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள். செத்துப்போன முன்னோருக்கும் ஞானஸ்நானம் கொடுப்பதால் வம்சத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். புதிதாக வருகிறவர்கள் திகைப்பார்கள். நான் திகைக்கவில்லை. சாத்தூர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரர் இதைத்தானே கேட்பார். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் முன்னோர் பெயரைச் சொல்லத் தொடங்கினால் கேட்டவர்தான் களைத்துப்போவார்.

தாயில்பட்டியில் நான் பட்டாசுக்கு மருந்து கலந்தவன். அலுமினியத்தூள் அப்பி, வேலைநாளெல்லாம் எல்லா ஆட்களும் ஒரே வெள்ளி நிறமாக இருப்போம். ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வேதக்கோயிலுக்குப் போனால்தான் யார் என்ன சாதி என்பது தெரியும். அங்கே பாய் இரண்டு பக்கமாக விரித்திருக்கும். ஒருநாள் கூட்டத்தில் இடமில்லாமல் என் அப்பா மறுபக்கம் உட்கார்ந்துவிட்டார். கோயில் ஊழியர் வந்து, "ஏலே, உங்க ஆளுக அங்கனல்லா இருக்கணும்" என்றார்.

அப்பா எழுந்தார். "பரலோகத்துலயும் ரெண்டு பாய்தான் போட்டிருக்கீகளா? இப்பமே சொல்லிருங்க. எம் பாயை நானே கக்கத்துல வச்சுக் கொண்டாந்துருதேன்."

நாலு பேர் சிரித்தார்கள். அப்பா அதற்குப் பிறகு கோயிலுக்கு வரவில்லை. நான் ஊரிலேயே இருக்கவில்லை.

கப்பல் சமையல்கட்டில் ஏறி, கலிபோர்னியாவில் இறங்கி, ரூத்தைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். ஜூலைத் திருவிழாவில் இந்த மாகாணத்து வானத்தில் வெடிக்கும் வாணத்தின் பச்சையெல்லாம் நான் கலந்த பச்சை. படித்த கெமிஸ்டுகள் என்னிடம் வந்து கேட்டுப் போகிறார்கள்.

இந்தச் சபையில் சம்பளத்துக்குப் பாதிரி ஐயர் கிடையாது. ஆண்கள் எல்லாருக்கும் ஆசாரியத்துவம், அதாவது குருப்பட்டம், உண்டு. பன்னிரண்டு வயதுப் பையன்கள்கூட நற்கருணை அப்பத்தட்டு ஏந்தி வருவார்கள். கறுப்பர்களுக்கு மட்டும் இல்லை. அவர்கள் தம்பியைக் கொன்று சாபம் வாங்கிய காயீன் வம்சமாம். நான் அட்டைக்கரி. நான் சபையில் சேர்ந்தபோது பிஷப் தடுமாறினார். பிஷப் என்றால் அங்கி போட்டவர் இல்லை, மாட்டுப்பண்ணைக்காரர். மேலிடத்தில் கேட்டுவிட்டு வந்து, "இந்தியர் அந்த வம்சம் இல்லை, உமக்குத் தடையில்லை" என்றார். தென்கடல் தீவுக் கறுப்பர்களுக்கும் முதலில் இல்லையென்று, பிறகு உண்டு என்று மாற்றிவிட்டார்களாம். சட்டம் என் பக்கமாக வளைகிறது என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

என் மகன் டேவிட்டுக்குப் பன்னிரண்டு ஆனதும் பிஷப் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வம்சம் கேட்டார். என் பக்கத்தைச் சொன்னேன். ரூத்தின் பக்கத்தையும் கேட்டார். அவள் கோதுமை நிறம். அதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை. பிள்ளைக்கு அப்பன் வகையறாதானே, பெண்டாட்டி பக்கம் வெறும் மரியாதைக்கு என்பது நம் ஊர்க் கணக்கு. அதனால் பெருமையாகவே சொன்னேன்: அவளுடைய கொள்ளுத்தாத்தா அடிமை. இரும்படித்துத் தன் விடுதலையைத் தானே வாங்கியவர், என்னைப்போலக் கையூன்றி எழுந்த மனிதர். ரூத் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். நான் நிறுத்தவில்லை.

பிஷப் பென்சிலைக் கீழே வைத்தார். "அந்த ரத்தம் ஒரு துளி இருந்தாலும் முடியாது, பிரதர்."

"பிள்ளை என்னுடையது. நான் தாயில்பட்டிக்காரன். அவனும் தாயில்பட்டிக்காரன்."

"அந்த ஊர் ஆப்பிரிக்காவிலா?" என்று கேட்டார். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டார்.

ரூத் அதன்பின் அவரிடம் பேசவில்லை, என்னிடமும் அதிகம் பேசுவதில்லை. ஒருநாள் மாறும், கர்த்தருடைய வேளை வரட்டும் என்கிறார் பிஷப். எப்போது என்றால் கூரையைப் பார்க்கிறார். டேவிட்டுக்கு இந்த 1974இல் பதினைந்து வயது. "நீங்க ஏன்பா இன்னும் போறீங்க?" என்று கேட்கிறான். போகாவிட்டால் கேட்பதற்குக்கூட அங்கே நம் ஆள் இருக்கமாட்டான் என்றேன்.

போன ஞாயிறு பக்கத்து வீட்டுப் பையனுக்கு அந்த ஆசாரியப் பட்டம் கொடுத்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நாற்காலியைச் சுற்றி வட்டமாக நின்றோம். இடது கை அடுத்தவர் தோளில், வலது கை பையன் தலையில். என் கரிய கை அந்த மஞ்சள் முடியில் இருந்தது. பிஷப் ஆங்கிலத்தில் ஜெபித்தார். எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். நான் மூடவில்லை. மூன்றாம் வரிசையில் டேவிட்டும் மூடவில்லை. அவன் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆமென் சொன்னபிறகும் எடுக்கத் தோன்றாமல் அது அங்கேயே இருந்தது.