ஈனாக் டான்ஸ்லியின் வெண்கலக் கூம்பு

கோவென்ட்ரியில் எங்கள் கார் தொழிற்சாலையில் கியர்பாக்ஸ் வரைந்துகொண்டிருந்தவர் ஈனாக் டான்ஸ்லி. அவர் வரைந்ததைச் சாலையில் ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அந்தக் காலத்தில் மேட்டில் கியரைக் குறைக்கக் கிளட்சை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். நடுவில் எஞ்சினை உறுமவிட்டு, கியரின் பல்சக்கரங்கள் ஒரே வேகத்துக்கு வரும் கணத்தைக் காதால் பிடிக்க வேண்டும். தவறினால் பல்லோடு பல் அரைபட்டுத் தெருவே திரும்பிப் பார்க்கும்.

1925இல் ஈனாக்கின் மனைவி மியூரியல், கிப்பெட் என்ற மேட்டில் அந்தக் கணத்தைத் தவறவிட்டாள். கார் பின்னால் உருண்டு பால்வண்டியில் மோதியது. குதிரைக்குக் கால் முறிந்து, அதைச் சுட வேண்டியதாயிற்று. பால்காரர் ஓரமாக உட்கார்ந்து அழுததை ஈனாக்கால் மறக்க முடியவில்லை.

மறு வருடம் முழுக்க உட்கார்ந்து, சின்ன வெண்கலக் கூம்பு ஒன்றைச் செய்தார். பற்கள் சேரும் முன்பே கூம்பு உரசி இரண்டு பல்சக்கரங்களையும் ஒரே வேகத்துக்குக் கொண்டுவந்துவிடும். 1927 ஜூலையில் அதைப் பொருத்தி ஓட்டினோம்.

"ஹோரஸ், ஏதாவது சத்தம் கேக்குதா?" என்று என்னைக் கேட்டார்.

"உங்க வயிறு உறுமுறதுதான் கேக்குது. சாண்ட்விச்சை எடுங்க."

அன்று மாலை மியூரியலை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டார். அவள் வாசல்படியை விட்டு இறங்கவில்லை. "செத்த குதிரை எழுந்திருக்குமா?" என்று மட்டும் கேட்டாள்.

குளிர்காலம் வந்ததும் கியர் எண்ணெய் பாகாக உறைந்தது. கூம்பு எண்ணெயில் வழுக்கியது. பற்கள் மறுபடி அலறின. கூம்பில் மெல்லிய வரிப்பள்ளங்கள் வெட்டினால் எண்ணெய் விலகிவிடும் என்று கண்டுபிடித்த ஈனாக், சோதித்துப் பார்க்க இன்னொரு குளிர்காலம் கேட்டார்.

"அக்டோபர்ல லண்டன் கண்காட்சி," என்றார் மேலாளர் லவ்க்ரோவ். "புதுசா பெயிண்ட் அடிக்கலாம். கியர்பாக்ஸை அங்க யாருப்பா குனிஞ்சு பாக்கப் போறா?"

"ஓட்டும்போது தெரியும் சார்."

"அதுக்குள்ள வாங்கியிருப்பாங்க."

காப்புரிமை விண்ணப்பமும் லவ்க்ரோவின் கையெழுத்துக்காக அவர் மேசையிலேயே கிடந்தது. ஈனாக் ஆறு முறை நினைவுபடுத்தினார். ஏழாவது முறை போகவில்லை.

1928 கடைசியில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதே மாதிரி கூம்பு வைத்த காரை வெளியிட்டது. படம் வந்த பத்திரிகையைத் தேநீர் இடைவேளையில் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். வரிப்பள்ளங்களும் இருந்தன. ஈனாக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். தேநீர் ஆறிப்போயிற்று.

லவ்க்ரோவ் கூப்பிட்டனுப்பினார். "இந்த மாதிரி ஒண்ணு நம்மகிட்ட ஏன் இல்லை?"

"இருந்துச்சு சார்."

"அப்ப நீ அழுத்திச் சொல்லலை."

வெளியே வந்ததும் எனக்குத் தாங்கவில்லை. "அந்தப் படத்தை அவர் மூஞ்சில விட்டெறிய வேண்டியதுதானே?"

"எறிஞ்சா, அதையும் நான்தான் பொறுக்கணும்," என்றார்.

கம்பெனி அமெரிக்கர்களிடமே உரிமை வாங்கியது. அவர்களுடைய கூம்பை எங்கள் கியர்பாக்ஸில் பொருத்தும் வேலை ஈனாக்குக்கு வந்தது. சுத்தமாகச் செய்தார். 'இனிக் கிளட்சை இருமுறை மிதிக்க வேண்டியதில்லை' என்று வாடிக்கையாளர் கையேட்டிலும் அவரே எழுதினார், பெயர் போடவில்லை.

1934இல் அவரைக் கதவுக் கண்ணாடிப் பிரிவுக்கு மாற்றினார்கள். ஒரு திங்கட்கிழமை தன் பென்சில்களை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்த அந்தப் பிரிவுக்கு ஏறிப் போனார்.