காது உள்ள ரேடியோ

பாலாறு என்றால் எங்களுக்கு மணல். ஊற்றுத் தோண்டலாம், ஓடிப் பிடித்து விளையாடலாம், அக்கரைக்குப் போக வேண்டுமானால் நடந்தே போகலாம். அதனால்தான் எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு மழைக்காலத்துக் காலையில், "ஆத்துல தண்ணி வந்துக்கினு இருக்குதாம்!" என்று யாரோ கத்திக்கொண்டு ஓடியதும் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருத் தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் நின்றன. எல்லோருக்கும் வேடிக்கை பார்க்கும் ஆசை. அம்மாவுக்கு மட்டும் முகம் வெளுத்துவிட்டது. அப்பா விடியற்காலையில்தான் அக்கரையில் இருந்த அத்தை வீட்டுக்குக் கிளம்பியிருந்தார், மணலில் நடந்து.

செவிலிமேட்டுக் கரையில் ஊரே கூடியிருந்தது. செம்மண் நிறத்தில் ஆறு ஓடியது. ஒரு முழுப் பனைமரம் சுழன்றுகொண்டே போயிற்று. அதிகாலையில் போனவர்கள் எல்லோரும் தாண்டியிருப்பார்கள் என்றார் ஒருவர். நடு ஆற்றில் யாரோ இரண்டு பேரைப் பார்த்ததாகச் சொன்னார் இன்னொருவர். அம்மா இரண்டாமவர் சொன்னதைத்தான் நம்பினாள்.

அப்போது ஒரு ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய போலீஸ்காரரின் முதுகில் ஒரு பச்சைப் பெட்டி இருந்தது. அதிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்குக் கம்பி ஒன்று ஆடிக்கொண்டே மேலே போயிற்று. பக்கத்தில் டெலிபோன் மாதிரி ஒரு கைப்பிடி. அதன் பெயர் வயர்லெஸ் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். நான் அதுவரை பார்த்திருந்தது பூங்காவில் நகராட்சி வைத்திருந்த ரேடியோதான். அது பேசும், பாடும், நாம் என்ன சொன்னாலும் காதில் வாங்காது. இந்தப் பெட்டியோ போலீஸ்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டது. கேட்டுவிட்டுப் பதிலும் சொன்னது! அத்தனை பெரிய ஆறு நடுவில் ஓட, அக்கரைக் குரல் கரகரவென்று எங்கள் காலடியில் வந்து விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஆற்றையே மறந்துவிட்டேன். அப்பாவைக்கூட ஒரு நிமிடம் மறந்துவிட்டேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இங்கிருந்தவரும் அங்கிருந்தவரும் பேசி முடிக்கும்போதெல்லாம் "ஓவர்" என்றார்கள். இரண்டு பேருக்கும் ஓவர் என்று ஒரே பெயர் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் தெருவிலேயே அப்பாவின் பெயரில் நாலு பேர் இருந்ததால் அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை.

அக்கரையில் ஒதுங்கியவர்களை எல்லாம் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள், யாரைத் தேடுகிறீர்களோ பெயரைச் சொல்லுங்கள் என்றார் போலீஸ்காரர். எங்கள் முறை வந்தது.

"உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்தப் பெட்டியின் முன் பெரியவர் ஒருவர் எதிரில் நிற்பது போல நின்றாள். புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்பது அவள் நம்பிக்கை. வடக்கே கையைக் காட்டினாள்.

"அந்தக் கோயில்ல இருக்கறாரே, அவரு பேருப்பா."

"எந்தக் கோயில்மா? உங்க ஊர்ல தடுக்கி விழுந்தா கோயிலு."

"மாமரம் இருக்குதே..."

அம்மா என் முதுகில் கிள்ளினாள். "நீ சொல்லுடி."

எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் தினமும் சொல்லும் பெயர். ஆனால் அந்தக் கைப்பிடியில் இருந்த சிறு ஓட்டைகளைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன். ரேடியோவுக்குள் போன யாரும் வெளியே வந்து நான் பார்த்ததில்லை. அப்பாவின் பெயரைச் சொன்னால் அப்பாவும் உள்ளே போய்விடுவார் என்று பயந்தேன்.

போலீஸ்காரர் வெளியூர்க்காரர், அவசரத்திலும் இருந்தார். பொத்தானை அமுக்கி, "பெயர் மாமரம், ஓவர்" என்றார்.

பெட்டி சற்று நேரம் இரைந்தது. பிறகு தெளிவாகச் சொன்னது:

"அப்படி யாரும் இங்க இல்லை, ஓவர்."

அம்மாவுக்கு 'இல்லை' மட்டும்தான் காதில் விழுந்தது. பாய்ந்து கைப்பிடியைப் பிடுங்கினாள். போலீஸ்காரர் பொத்தானை அமுக்கிக் கொடுப்பதற்குள் அவளே அதை நசுக்கிவிட்டாள்.

"ஏகாம்பரம்!" என்றாள். "ஏகாம்பரம்! ஏகாம்பரம்!"

கரையில் நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"விரலை எடும்மா, எடுத்தாத்தான் அவங்க பேச முடியும்" என்று போலீஸ்காரர் அவள் விரலைப் பிரிக்க வேண்டியிருந்தது. பெட்டி கரகரத்தது. பிறகு, "ரெண்டு ஏகாம்பரம் கை தூக்கறாங்க. உங்களுக்கு எந்த ஏகாம்பரம்? ஓவர்."

அம்மாவே பேசினாள். "ஊட்டுத் தறியில இன்னா கலரு ஓடுதுன்னு கேளுப்பா."

"ஒருத்தர் வாடாமல்லிங்கறாரு. இன்னொருத்தர் தறியே இல்லேங்கறாரு. ஓவர்."

எங்கள் தறியில் ஓடியது வாடாமல்லி இல்லை. அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெட்டியையே பார்த்தேன். இன்னும் ஏதாவது சொல், சொல் என்று மனதுக்குள் கெஞ்சினேன். பெட்டி மறுபடி கரகரத்தது.

"இருங்க, கடைசியில இருந்து ஒருத்தர் ஓடி வர்றாரு... மயில் கழுத்தாம். அரக்குக் கரையாம். சரியா? ஓவர்."

அம்மா வாய்விட்டு அழுதாள். போலீஸ்காரர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரின்னு அர்த்தம், ஓவர்" என்றார்.

தண்ணீர் வடிந்து மூன்றாம் நாள் அப்பா வந்து சேர்ந்தார். அம்மா அவரைப் பழையபடி "இன்னாங்க" என்றுதான் கூப்பிட்டாள். மறுநாள் என்னையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போய் அந்த மாமரத்தை நூற்றெட்டு முறை சுற்றினாள். நன்றி சொல்லச் சுற்றுகிறாள் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்டாள் என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் கூப்பிட்டபோதே அப்பாவைக் காட்டாமல் தாமதம் செய்த பெட்டி மீதுதான் எனக்குக் கோபம்.

எனக்குக் கல்யாணமாகி, மடியில் பிள்ளை இருந்த ஒரு நாள் அப்பாவைக் கேட்டேன். பெயரைக் கூப்பிட்டவுடனே ஏன் கை தூக்கவில்லை?

அப்பா சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"யாரோ ஒரு பொம்பள யாரையோ கூப்பிடறான்னு நின்னுக்கினு இருந்தேன்மா. தறியைக் கேட்டப்பறம்தான் உங்கம்மான்னு தெரிஞ்சுது. அந்தப் பேரு அவ வாயில வந்து நான் எங்க கேட்டிருக்கேன்?"