மாடு படுத்த வயலுக்கு முழு யூரியா

வேலணைத் தீவில் ஒரு நெல் வயலை நான் விழுத்தியிருக்கிறேன். பூச்சி காரணமில்லை, வெள்ளம் காரணமில்லை. விவசாயப் போதனாசிரியரான என் சிபாரிசுதான் காரணம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் அனுபவம் கேட்கும்போது வென்ற கதைகளைத்தான் சொல்லி வந்திருக்கிறேன். அவை மிகச் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. ஆகவே இது.

அந்த வருடம், சாணம், இலைகுழை போன்ற சேதனப் பசளையையும் இரசாயனப் பசளையையும் சேர்த்துப் பாவிப்பது பற்றி ஒரு பயிற்சி முடித்திருந்தேன். கையேட்டில் இருந்த உதாரணமெல்லாம் கோதுமை. எங்கள் தீவில் கோதுமை கடையில் மாவாக மட்டுமே விளையும். அது என் உற்சாகத்தைக் குறைக்கவில்லை.

நேசமலர் அக்காவுக்கு ஆறு பரப்பு, அரை ஏக்கருக்கும் குறைந்த மானாவாரி வயல். மொட்டைக்கறுப்பன் விதைப்பார், உயரமாக வளரும் பழைய சிவப்பு நெல். கோடையில் ஒரு மாட்டுக்காரரைப் பிடித்து இரவில் மாடுகளை வயலுக்குள் பட்டி அடைப்பிப்பார். சில நாளுக்கொருமுறை பட்டியை இடம் மாற்றிக் கட்ட, வயல் முழுக்க எரு இறங்கிவிடும்.

நான் அட்டவணையைப் பார்த்து யூரியா அளவை எழுதிக் கொடுத்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்தார்.

“தம்பி, மாடு படுத்த வயல். இதில பாதி போட்டாலே போதுமே?”

“சாணம் மண்ணுக்கு அக்கா, யூரியா பயிருக்கு. ரெண்டும் முழுசா வேணும்.”

“பசளை கூடி நெல்லு சாய்ஞ்சால் விதைக்கு ஒண்டும் மிஞ்சாது. இது எங்கட உவர் மண்ணுக்குப் பழகின விதை. போச்செண்டால் கடையில வாங்க ஏலாது.”

“பயப்பிடாதேங்கோ. நான் இருக்கிறன்தானே.”

பயிர் கரும்பச்சையாக எழுந்தது. அதன் முன்னால் நின்று படமெடுத்து அலுவலக வட்ஸ்அப் குழுவில் போட்டேன். யாழ்ப்பாணத்து மேலதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் போட்டார். என் அட்டவணை குட்டையான புதிய இனங்களுக்கானது என்பதும், அதில் மாடு படுத்ததற்காக எதுவும் கழிக்கப்படவில்லை என்பதும் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மார்கழியில், கதிர் பால் பிடித்த நேரம், ஒரு காற்று மழை வந்தது. மறுநாள் போனேன். பயிர் பாய் விரித்தாற்போலக் கிடந்தது. கதிர்கள் தண்ணீருக்குள். அக்கா குனிந்து ஒவ்வொரு பிடியாக நிமிர்த்திக் கட்டிக்கொண்டிருந்தார். நானும் இறங்கிக் கட்டினேன்.

“விதை போச்சுது, என்னக்கா?” என்று கடைசியில் நான்தான் கேட்டேன்.

“வாருங்கோ” என்று வரம்பால் கூட்டிப் போனார். வடலிப் பனைகளுக்கு அப்பால் அதே வயலின் இரண்டு பரப்பு, நிறம் கொஞ்சம் மங்கல், ஆனால் நிமிர்ந்து நின்றது.

“இதுக்குப் பாதிதான் போட்டனான். கோவிக்காதேங்கோ.”

“எனக்கேன் சொல்லேல்லை?”

“நீங்கள் படிச்சுப்போட்டு வந்து ஆசையாச் சொல்லேக்க இல்லையெண்டு சொல்ல மனம் வரேல்லை. அதுக்காக விதைநெல்லை உங்கட கையில விடவும் ஏலாது.”

அன்றிலிருந்து நான் அளவை முதலில் எழுதுவதில்லை. கோடையில் வயலில் என்ன கட்டினீர்கள், என்ன இலைகுழை மண்ணுக்குள் தாழ்த்தினீர்கள் என்று கேட்கிறேன். எரு கொடுத்ததைக் கழித்து மிச்சத்தைத்தான் யூரியாவால் நிரப்ப வேண்டும். அதையும் தவணை தவணையாக, இலையின் நிறம் பார்த்து. சேர்த்துப் பாவிப்பது என்றால் கூட்டல் என்று நினைத்திருந்தேன். பாதிக்கு மேல் கழித்தல்.

மேலதிகாரி சொன்னபடியே வந்தார். விழுந்ததையும் நின்றதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒரே விதை, ஒரே மாட்டெரு. இந்தத் துண்டு மட்டும் எப்பிடியம்மா தப்பினது?”

அக்கா என்னை ஒருமுறை இரக்கத்தோடு பார்த்தார்.

“அது போதனாசிரியர் வந்து பாக்காத பக்கம், சேர்.”