சிவப்புப் பொட்டு வைத்த போல்ட்

ஒரு போல்ட்டை முழுசாக இறுக்கியதும் அதன் தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு வைப்பேன். யாரும் சொல்லித் தந்ததல்ல. ஒருமுறை எதை இறுக்கினேன், எதை விட்டேன் என்று மறந்துபோய், இருபது போல்ட்டையும் முதலிலிருந்து இறுக்கிப் பார்த்து இடுப்பு ஒடிந்த பிறகு நானே கண்டுபிடித்தது. பொட்டு இருந்தால் வேலை முடிந்தது, இல்லாவிட்டால் இல்லை. என் நகத்துக்கு ஒருநாளும் அதைப் போட்டதில்லை. கிரீஸ் ஏறிய நகத்துக்கு அது ஒன்றுதான் குறைச்சல். அந்தப் பொட்டை நம்பித்தான் ஒரு விஜயதசமி காலையில், பிரேக்கைச் சரியாக இறுக்காத காரில் என் கணவரையும் மாமியாரையும் அனுப்பிவைத்தேன்.

கார் முப்பது வயதைத் தொடப்போகும் ஸ்போர்ட்ஸ் கார். கரும்பச்சை, இரண்டு கதவு, இரண்டே சீட்டு. மும்பை செம்பூரில் எங்கள் சொசைட்டி காம்பவுண்டில் தண்ணீர் டாங்க் ஓரமாக நிற்கும். "கெணத்துல எறங்கற மாதிரின்னா இருக்கு" என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே மாமியார் அதில் ஏறுவார். மெக்கானிக் யாரிடமும் அதை விடமாட்டேன். விட்டுப் பார்த்தாயிற்று. ஒருவன் சுத்தியலால் அடித்தான். இன்னொருவன் வேலை முடித்து நாலு ஸ்க்ரூவை என் கையில் கொடுத்து, "எக்ஸ்ட்ரா ஹை மேடம்" என்றான். அன்றோடு போதும் என்று தலைமுழுகினேன். மேனுவலைப் பிரிண்ட் எடுத்து, வீடியோ பார்த்து, பழைய பார்ட்ஸுக்குக் குர்லாவில் அலைந்து, கிடைக்காத ரப்பர் புஷ்ஷைத் தாராவியில் வெட்டி வாங்கி, பத்து வருஷமாக நானேதான் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காருக்கடியில் கிடக்கும் பொம்பளையைப் பார்த்து இப்போது வாட்ச்மேன்கூடச் சிரிப்பதில்லை.

நான் தாராவியில் பிறந்தவள், திருநெல்வேலிக்காரர்களின் சந்து. என் கணவர் மாட்டுங்கா, பாலக்காட்டுக் குடும்பம், பாங்க் உத்தியோகம். காதல் கல்யாணம். சண்டை வந்தால் இரண்டு தமிழும் மோதிக்கொள்ளும். அவருக்கு ஸ்பானருக்கும் ஸ்க்ரூ டிரைவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஆயுத பூஜை அன்றைக்கு என் டூல்ஸை அவர்தான் துடைப்பார். ஒவ்வொன்றாகச் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு முன்னால் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வரிசையாக அடுக்குவார். அடுக்கிய பிறகு மறுநாள் காலை வரை யாரும் எதையும் தொடக்கூடாது. இதில் மட்டும் மனிதர் கறார்.

அந்த வருஷம் முன்சக்கரப் பிரேக்கைப் பிரித்திருந்தேன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்து நிறுத்துவது கேலிப்பர். அதைத் தாங்கி நிற்பவை இரண்டே இரண்டு போல்ட். வலது பக்கத்தை முந்தின நாளே முடித்தாயிற்று. டார்க் ரெஞ்ச் என்று ஒன்று வைத்திருக்கிறேன். வேண்டிய இறுக்கம் வந்ததும் டிக் என்று சத்தம் கொடுக்கும். டிக் கேட்டேன், பொட்டு வைத்தேன். பாட்டிலில் கடைசிச் சொட்டு அதோடு தீர்ந்தது. ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் அதே சிவப்பில் புதுப் பாட்டில் வாங்கி டூல் பெட்டிக்குள் போட்டேன்.

ஆயுத பூஜை அன்று காலை இடது பக்கம். பழசைக் கழற்றி, புதுசை மாட்டி, இரண்டு போல்ட்டையும் விரலால் திருகி ஏற்றியிருந்தேன். ரெஞ்சை எடுக்கப்போகும்போது என் கணவர் வேஷ்டியோடு கீழே வந்து நின்றார்.

"போறும் விடு. நேரமாயிடுத்து. டூல்ஸைக் குடு."

"ரெண்டே போல்ட். அஞ்சு நிமிஷம்."

"ஒன்னோட அஞ்சு நிமிஷம் நேக்குத் தெரியும். அம்மா காலைலேந்து ஒண்ணும் சாப்பிடலை."

மாமியார் பட்டினி என்றதும் வாயை மூடிக்கொண்டேன். டூல் பெட்டியை நெயில் பாலிஷோடு அவரிடம் கொடுத்துவிட்டுக் குளிக்க மேலே போனேன். சக்கரம் கழற்றிய கார் ஸ்டாண்டில் அப்படியே நின்றது. பூஜை, பாயசம், சாப்பாடு, ஒரு தூக்கம். போல்ட்டை மறந்தே போனேன்.

சாயங்காலம் சொசைட்டி செக்ரட்டரி போன் செய்தார். தண்ணீர் லாரி வருகிறது, காரை இரண்டடி நகர்த்து, இப்போதே. அவர் ஒரு தடவை சொன்னால் நூறு தடவை சொன்ன மாதிரி. திட்டிக்கொண்டே இறங்கினேன். கார் டிக்கியில் சக்கரம் மாட்டும் பானா தனியாக உண்டு, அதற்குப் பூஜை கிடையாது. சக்கரத்தைத் தூக்குவதற்கு முன் செல்போன் லைட்டை அடித்து உள்ளே பார்த்தேன். இரண்டு போல்ட் தலையிலும் சிவப்புப் பொட்டு.

எப்போது இறுக்கினேன் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியது என்பது சத்தியம். ஆனால் ரெஞ்ச் பூஜையில் இருந்தது. அதை எடுக்க வேண்டுமென்றால் மேலே போய் அவரோடு மல்லுக்கட்ட வேண்டும். லாரிக்காரன் கேட்டில் ஹாரனை அமுக்கிக்கொண்டிருந்தான். பொட்டுதான் இருக்கிறதே என்று சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, இரண்டடி நகர்த்திவிட்டு மேலே போனேன்.

மறுநாள் காலை நாலு டயருக்கடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தோம். சாமந்தி மாலையைப் பானெட்டில் நான்தான் கட்டினேன். அம்மாவை மாட்டுங்கா கோவிலுக்குக் கூட்டிப்போய் வருகிறேன் என்றார் அவர். இரண்டு சீட்டுதான், எனக்கு இடமில்லை. எலுமிச்சம்பழம் நாலும் நசுங்கின. மாமியார் கண்ணாடி வழியாக எனக்குக் கையை ஆட்டினார்.

மேலே வந்து டூல்ஸை எடுத்து வைக்க உட்கார்ந்தேன். ஈரத் துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தேன். ஸ்பானர், ஸாக்கெட், டார்க் ரெஞ்ச். கடைசியில் நெயில் பாலிஷ். அதற்கும் மனிதர் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். சிரித்துக்கொண்டே மூடியைத் துடைத்தேன். மூடியைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருந்தது.

பாட்டிலைத் திறக்கவே இல்லை. அப்படியானால் அந்த இரண்டு போல்ட்டில் நான் பார்த்த சிவப்பு எது? விரலைப் பார்த்தேன். குங்குமம்.

விரலால் திருகிய போல்ட் எவ்வளவு தூரம் தாங்கும்? செம்பூர் ரோடு எப்படியென்று ஊருக்கே தெரியும். குலுங்கக் குலுங்க போல்ட் கழன்றுகொண்டே வரும். இரண்டும் விழுந்தால் கேலிப்பர் சக்கரத்துக்குள் சிக்கிக்கொள்ளும். சக்கரம் சட்டென்று நிற்கும். நாற்பதில் போனாலும் வண்டி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

போன் அடித்தேன். எடுக்கவில்லை. எப்படி எடுப்பார்? வண்டியில் ஏறினால் போனை டாஷ்போர்டுப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட வேண்டும், பேசினால் சாவி கிடையாது என்று சட்டம் போட்டவளே நான்தான். மாமியாரின் போன் ஹாலில் சார்ஜில் கிடந்து அழுதது. ரெஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, கட்டியிருந்த பட்டுப்புடவையோடு படியில் ஓடினேன்.

ஆட்டோக்காரன் வண்டிக்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி வைத்திருந்தான். "ஜல்தி பையா, மாட்டுங்கா" என்றேன். அவன் திரும்பிப் பார்த்து, "சயான் தக் மேடம், ஆகே ஆட்டோ அலௌட் நஹி" என்றான். ஆட்டோ சயானைத் தாண்டக்கூடாது என்று பிறந்ததிலிருந்து தெரியும். அன்றைக்கு அது மூளைக்கு எட்டவில்லை. சரி ஓட்டு என்றேன்.

ரோடு முழுக்கச் சாமந்தி. பஸ், டெம்போ, ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் மாலை. எதுவும் நகரவில்லை. நான் ரோட்டோரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போனேன். நாலு பேர் கூடி நின்றால் எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் கூட்டம் பெரிதாக இருந்தது. ஆட்டோ நிற்பதற்குள் பாதி உடம்பை வெளியே நீட்டிவிட்டேன். ஆப்டா இலை விற்றுக்கொண்டிருந்தார்கள், தசராவுக்கு ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ள. பக்கத்தில் நின்ற டிராபிக் போலீஸ் என் கையிலிருந்த ரெஞ்சையும் புடவையையும் மாறி மாறிப் பார்த்தார். முருகா, அவங்க ரெண்டு பேரையும் விட்டுடு, வேணும்னா காரை எடுத்துக்கோ என்று வேண்டினேன். அந்தக் காரை நான் யாருக்கும் தருவேன் என்று சொன்னதே இல்லை.

சயானில் இறங்கி டாக்ஸி தேடினேன். முதல் இரண்டு பேர் வர மறுத்தார்கள். மூன்றாவது ஆளிடம் கேட்கவே இல்லை, ஏறி உட்கார்ந்துவிட்டேன். கையில் ரெஞ்ச் இருந்ததால் அவரும் மீட்டரைப் போட்டார்.

கோவில் இருக்கும் தெருவில் திரும்பியதும் கரும்பச்சை தெரிந்தது. முழுசாக, நேராக, பூக்கடைக்கு எதிரே நின்றிருந்தது. என் கணவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். மாமியார் பிரசாதத்தோடு கார் கதவைப் பிடித்து நின்றிருந்தார். அழுகை வந்தது, கோபமும் சேர்ந்து வந்தது. "ஏறாதிய! ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

புடவையோடு ரோட்டில் படுத்தேன். இடது சக்கரத்தின் கம்பிகளுக்கு நடுவே லைட்டை அடித்தேன். கீழ் போல்ட் இல்லை. வெறும் ஓட்டை. மேல் போல்ட் முக்கால்வாசி வெளியே வந்து, இரண்டு மூன்று புரியில் தொங்கிக்கொண்டிருந்தது. தலையில் குங்குமம் அப்படியே இருந்தது.

எழுந்து உட்கார்ந்தேன். "போல்ட்ல ஏன் குங்குமம் வச்சிய? யாரக் கேட்டு வச்சிய? அது என் அடையாளம்லா? நான் இறுக்கியாச்சுன்னு நெனைச்சேன். இன்னும் ஒரு சிக்னல் போயிருந்தா ரெண்டு பேரும் போய்ச் சேந்திருப்பிய."

அவர் குனிந்து சக்கரத்துக்குள் பார்த்தார். புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நீதானே சொல்லுவே, இந்தக் கார்ல எது இல்லேன்னாலும் ஓடலாம், இந்த ரெண்டு போல்ட் இல்லேன்னா உசுர் இல்லேன்னு" என்றார். "அதான் அதுக்கு மட்டும் தனியா வெச்சேன். தப்பு என்னோடதுதான். ஸாரி."

பூக்கடைக்காரி தண்ணீர் கொடுத்தாள். மாமியார் என் பக்கத்திலேயே பிளாட்பாரத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவினார். "சயான் வந்ததிலேந்து டக் டக்னு சத்தம் கேட்டுண்டேதான் இருந்தது" என்றார். "நிறுத்திப் பாரேன்டான்னு சொன்னேன். இவன் கேக்கலை. அவ கை வெச்ச வேலைம்மா, சத்தம் வந்தாலும் ஒண்ணும் ஆகாதுன்னான்."

அதற்கு மேல் என்னால் அவரைத் திட்ட முடியவில்லை. ஸாரி கேட்டுவிட்டு இன்னும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பழியை அவர் எடுத்துக்கொண்டாயிற்று. நான் சும்மா இருந்திருந்தால் அது அவரிடமே இருந்திருக்கும்.

"தப்பு உங்க மேல இல்ல" என்றேன். "பொட்டப் பாத்தப்பவே எனக்கு சந்தேகம் வந்துச்சு, எப்ப இறுக்கினேன்னு. மேல வந்து ரெஞ்ச் எடுத்திருக்கணும். உங்ககூட யார் பேசுறதுன்னு எடுக்கலை. தெரிஞ்சேதான் விட்டேன்."

அவர், நான் சொன்னதை மனசுக்குள் இன்னொரு தடவை கேட்பது போல என்னைப் பார்த்தார். பத்து வருஷத்தில் என் வேலையைப் பற்றி அவர் அப்படி யோசித்து நான் பார்த்ததில்லை. மாமியார் பிரசாத இலையிலிருந்து குங்குமத்தை எடுத்து, என் நெற்றிக்குக் கொண்டுவந்தவர், பாதியில் கையை நிறுத்தி, "வெக்கலாமா?" என்று கேட்டார். தலையை நீட்டினேன்.

காரை லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். புது போல்ட் கிடைக்கப் பத்து நாளாயிற்று. இப்போது நான் வைப்பது மஞ்சள் பெயிண்ட். சிவப்புப் பாட்டிலை மாமியாரின் தங்கை பெண் கொண்டுபோனாள். ஆயுத பூஜைக்கு அவர் இன்றும் டூல்ஸைத் துடைத்து அடுக்குகிறார், காருக்குள் மட்டும் கை விடுவதில்லை.

முன்பெல்லாம் சாவியை எடுத்தால் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே போய் ஏறிவிடுவார். இப்போது கதவருகே நின்று, "எல்லாம் கையால பாத்துட்டியா?" என்று கேட்கிறார். பார்த்தாயிற்று என்கிறேன். அப்புறம்தான் ஏறுகிறார். கேட்காமல் ஏறக்கூடாது என்று சொல்லிவைத்ததும் நான்தான். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குச் சுருக்கென்று இருக்கிறது.