பென்சில் புள்ளி வைத்த பக்கங்கள்

வாசகரே, உங்களைச் சாட்சியாக அழைக்கிறேன். மூன்று ஆண்டுகளாகக் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் நான் வென்ற கேடயங்கள், பீளமேட்டு வீட்டின் வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கே இடம் விடாமல் நிற்கின்றன. அவற்றை மனத்தில் நிறுத்திக்கொண்டால்தான், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் நான் தோற்றதன் கனம் உங்களுக்கு விளங்கும்.

அதே வீட்டில், சாப்பாட்டு மேசையின் பாதியைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் மனைவி குழந்தைகளுக்குக் கதை எழுதிப் படமும் வரைகிறார். எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்போம். ஓர் எருமையின் காதை நான்கு நாள் வரைவார். சரியில்லை என்று ஐந்தாம் நாள் அழிப்பார். அந்த நான்கு நாளில் நான் நான்கு ஊர்களில் நீதி கேட்டுத் திரும்பியிருப்பேன். ஆகவே அவர் தொழிலைப் பொழுதுபோக்கு வகையில் சேர்த்திருந்தேன்.

கதை இவ்வளவுதான்: உடுமலைப்பேட்டைக்குப் போகும் மினி பஸ்ஸை ஓர் எருமை மறித்து நிற்கிறது, ஆளாளுக்கு இறங்கி அதனிடம் பேசிப் பார்க்கிறார்கள், அது நகர்வதாக இல்லை. படங்கள் முடிந்திருந்தன. ஒரு முழுப் பக்கத்துக்கு "பஸ் நின்றது" என்று இரண்டே சொற்களைக் கண்டு எனக்கு இரக்கம் வந்தது. நான் எழுதித் தருகிறேன், அட்டையில் என் பெயரும் வரட்டும் என்றேன். நங்கை மறுக்கவில்லை. பள்ளியில் படித்துக் காட்டிய பிறகு முடிவு செய்யலாம் என்றார்.

அவர் வேலைமுறை அது. அச்சுக்கு முன் மாதிரிப் பிரதி தைத்து, கோபிசெட்டிபாளையத்தில் ஒரு பள்ளிக்கு எடுத்துப்போவார். ஒருவர் படிக்க, இவர் இன்னொரு பிரதியோடு ஓரமாக உட்கார்ந்து குழந்தைகளைப் பார்ப்பார். ஒரு குழந்தையின் கண் புத்தகத்தை விட்டு விலகினால், அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. புள்ளி கூடினால் அப்பக்கத்துச் சொற்களுக்கு விடுதலை.

இம்முறை நான் எழுதியதை நானே படித்தேன். படித்தேன் என்பது குறைவான சொல். எருமையே, நீ மறித்தது சாலையையா, சமுதாயத்தின் மனசாட்சியையா என்று கேட்டுக் குரலை உயர்த்தி நிறுத்தினேன். அறை அதிரக் கைதட்டினார்கள். அடுத்த பக்கத்தில் அதை மேய்ச்சல் நிலத்தின் மௌனப் புரட்சி ஆக்கினேன். மறுபடியும் கைதட்டல். நங்கையின் பென்சில் ஓயாமல் இயங்கியது. வியப்பைக் குறித்துக்கொள்கிறார் என்றே நம்பினேன்.

ஏழாம் பக்கத்தில் முன்வரிசைச் சிறுமி ஒருத்தி எழுந்தாள்.

"சார், எருமை எங்கீங்க சார்?"

அப்போதுதான் கையைப் பார்த்தேன். மேடையில் குறிப்புத்தாளைப் பிடிக்கும் பழக்கத்தில், படங்களை என் பக்கமே திருப்பிப் பிடித்திருந்தேன். அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் மாதிரிப் பிரதியின் வெற்று அட்டை.

நங்கை புத்தகத்தை வாங்கித் திருப்பினார். "பஸ் நின்றது" என்றார். அடுத்த பக்கத்தை விரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். குழந்தைகள் முட்டிபோட்டு நகர்ந்து வந்தார்கள். அதன் காது கோபமாக இருக்கிறது என்றான் ஒருவன்; இல்லை, தூக்கம் வருகிறது என்றாள் அந்தச் சிறுமி. கைதட்ட ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் மேல்முறையீடு செய்தேன்.

"கை தட்டுனாங்கல்லங்க நங்கை?"

"விருந்தாளி சத்தமாப் பேசி நிறுத்துனா தட்டோணும்னு ஆண்டு விழாவுல பழக்கியிருக்காங்க தம்பி. கண்ணு எங்க இருந்துச்சுன்னு பாத்தீங்களா?"

தன் பிரதியை என் மடியில் வைத்தார். என் பக்கங்களுக்கெல்லாம் அம்மை போட்டிருந்தது.

திங்களன்று அட்டை அச்சுக்குப் போகவேண்டும். கல்லூரியில் பாதிப் பேருக்கு நான் ஏற்கெனவே நூலாசிரியர். எதிர்வாதம் நான்கு கைவசம் இருந்தன. நான்கிலும் எருமை இல்லை. பஸ் அவிநாசியைத் தாண்டியது. பிறகு, ஏற்ற இறக்கம் எதுவுமின்றி, முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன்:

"அட்டைல உங்க பேரு மட்டும் போடுங்க நங்கை. அது நான் எழுதுனதில்லைன்னு காலேஜ்ல எல்லார்த்துகிட்டயும் நானே சொல்லிப்போடறேனுங்க."