மச்சாளின் பிழையான விடைகள்

வெள்ளைச் சீருடையைக்கூட மாற்றாமல் மச்சாள் சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்து, கைபேசியில் வந்த பரீட்சை முடிவைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அவர் என் அண்ணாவின் மனைவி; நான் அவரையும் அவர் என்னையும் மச்சாள் என்றே கூப்பிடுவோம். திருகோணமலையில் தாதியாக வேலை பார்த்தார். அண்ணா வேலைக்குப் போயிருந்த நாட்டில் மச்சாள் தாதியாகப் பதிய, ஓர் ஆங்கிலத் தேர்வில் சித்தியடைய வேண்டும். பேச்சும் எழுத்தும் தேறியிருந்தன. வாசிப்புப் பகுதி மறுபடியும் காலை வாரிவிட்டது. ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"புதுப் பேப்பர் எடுக்காதீங்கோ மச்சாள். போன கிழமை செய்ததை எடுங்கோ. பிழைச்சதைப் பாப்பம்."

அதுவரை, எவ்வளவு பயிற்சித்தாள் செய்கிறோமோ அவ்வளவு நல்லது என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். அண்ணா ஒன்று மாற்றி ஒன்று அனுப்புவார். மச்சாளும் செய்து, புள்ளி போட்டு, பெருமூச்சு விட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அன்றுதான் நின்றார். தான் அந்த விடையை ஏன் தெரிந்தெடுத்தார் என்று எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

எங்கோ ஒரு நாட்டின் ஆழமான துறைமுகத்தைப் பற்றிய பந்தி அது. எல்லாக் காலத்திலும் அங்கே பெரிய கப்பல்கள் வரலாம் என்ற கூற்று சரியா, பிழையா, அல்லது பந்தியில் சொல்லப்படவில்லையா என்பது கேள்வி. மச்சாள் 'சரி' என்று போட்டிருந்தார்.

"ஆழமெண்டா வரும்தானே? எங்கட திருகோணமலைத் துறைமுகத்தைப் பாத்து வளந்த எனக்குத் தெரியாதோ?"

கோபத்தோடுதான் வாதாடினார். வரி வரியாக விரல் வைத்து மறுபடி வாசித்தார். விரல் கடைசி வரிக்கு வந்து நின்றது. பிறகு சிரித்துவிட்டார். "பந்தி அப்பிடிச் சொல்லேல்ல மச்சாள். நான்தான் சொல்லியிருக்கிறன்."

அதற்குப் பிறகு பழைய தாள்களுக்கு ஓய்வே இல்லை. சரியாக வந்த விடைகளையும் அவர் நம்பவில்லை. காரணம் சொல்ல ஏலாவிட்டால், "இது குருட்டுவாக்கில வந்தது" என்று பிழைகளோடு சேர்த்துவிடுவார். சொல் விளங்கவில்லையா, அவசரப்பட்டாரா, தனக்குத் தெரிந்ததைப் பந்திக்குள் நுழைத்தாரா என்று, நோய்க்குக் காரணம் தேடுவதுபோலத் தேடுவார். சில நாள் விட்டு அதே கேள்வியைத் திரும்ப எடுப்பார். விடை ஞாபகம் இருந்தால் போதாது. மற்ற விடைகள் ஏன் பொருந்தாது என்றும் சொல்லியாக வேண்டும். களைத்து வந்த ஒருத்தி தன் பிழைகளுக்கு முன்னால் வெட்கப்படாமல் அப்படி உட்கார்ந்திருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அண்ணாவுக்கு இது விளங்கவில்லை. ஒருநாள் தொலைபேசியில், "இன்னும் பழைய பேப்பரோ? உமக்கு இஞ்ச வர விருப்பமில்லையோ?" என்று கேட்டுவிட்டார். மச்சாளின் முகம் கறுத்தது.

"வர விருப்பம் எண்டபடியாத்தான் இதைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். அதே பிழையைப் புதுப் பேப்பரில செய்து என்ன பிரயோசனம்?" என்றார். மறுமுனையில் அண்ணா ஏதோ மெதுவாகச் சொன்னார். அதற்குப்பின் அவர் தாள் அனுப்பவில்லை. அன்றைய பிழைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்.

அடுத்த தடவை கொழும்புக்குப் போய் எழுதினார். முடிவு வந்த காலை வீடு முழுக்கச் சத்தம். அம்மா பால் காய்ச்சப் போனார். அண்ணா தொலைபேசியிலேயே அழுதுவிட்டார். மச்சாளும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் கைபேசித் திரையை மட்டும் விரலால் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"என்ன தேடுறீங்கள்? பாஸ்தானே?" என்றேன்.

"ஓம், பாஸ்தான். ஆனா முழுப் புள்ளி இல்லையே. எதெது பிழைச்சதெண்டு காட்டமாட்டினமோ?"

இப்போது அவர்கள் இருவரும் அங்கே ஒரே வீட்டில் இருக்கிறார்கள். அந்தத் தாளில் பிழைத்தது எது என்று மச்சாளுக்கு இன்றுவரை தெரியாது. போன மாதம் கதைத்தபோதும் கேட்டார், அதை எப்படியாவது எடுக்கலாமா என்று.