பத்திரத்துக்கு முன்னால் பொங்கிய பால்

எட்டு வருடம் இருக்கும். நியூ ஜெர்சியில், எடிசனிலிருந்து இருபது நிமிட தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊரில், ஒரு டிசம்பர் மாதம் நடந்தது இது. என் மகளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

என் கணவர் ஐ.டி. வேலைக்காக இந்த நாட்டுக்கு வந்தவர். மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். கிரீன் கார்டு வந்திருந்தது. ஈரோட்டுக்குத் திரும்பிப் போய் எல்லோருடைய பரிதாபப் பார்வையிலும் உட்கார்ந்திருக்க எனக்குப் பிடிக்கவில்லை, இங்கேயே தங்கிவிட்டேன். பள்ளிக்கூடச் சம்பளத்தில் இந்த ஊர் வாடகையைக் கொடுக்க முடியுமா? வீட்டுவசதி அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தபின் வவுச்சர் கிடைத்தது. என் வருமானத்துக்கு ஏற்ற பங்கை நான் கொடுப்பேன், மீதி வாடகையை அரசு நேராக வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடும். அதுதான் வவுச்சர்.

இந்த விஷயம் எங்கள் தமிழ் வட்டாரத்தில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் என்ஜினியர்கள், டாக்டர்கள். பிறந்த நாள் விழாக்களில் வீட்டு விலையைப் பற்றிப் பேச்சு வந்தால் நான் தட்டுக் கழுவப் போய்விடுவேன். வீடு தேடும்போது வவுச்சர் என்ற வார்த்தையைச் சொன்னதும், "இப்போதுதான் ஒருவருக்குக் கொடுத்துவிட்டோம்" என்பார்கள். அடுத்த வாரமும் அதே வீட்டு விளம்பரம் அப்படியே இருக்கும். சில இடங்களில் என் பெயரைக்கூடக் கேட்டதில்லை. "அந்த வவுச்சர் பெண்மணி" என்றுதான் என்னைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

ஒரு நாள் வீட்டுவசதி அலுவலகத்தில் என் கோப்பைக் கவனிக்கும் பெண்மணி, அதே வவுச்சரை வைத்து வீடு வாங்கலாம் தெரியுமா என்று கேட்டார். வாடகைக்குக் கொடுப்பதுபோல வீட்டுக் கடனின் மாதத் தவணையிலும் ஒரு பங்கை அரசு கொடுக்குமாம். அவர் ஏதோ தவறாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். சனிக்கிழமைதோறும் வகுப்புக்குப் போனேன். கடன் என்றால் என்ன, கூரை ஒழுகினால் யாரைக் கூப்பிடுவது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒரே ஒரு நிபந்தனை என் கழுத்தில் கத்தியாக இருந்தது. டிசம்பர் முடிவதற்குள் வீடு என் பெயருக்கு மாறியாக வேண்டும், இல்லாவிட்டால் இந்த வாய்ப்பு போய்விடும்.

நவம்பரில் அந்த வீடு அமைந்தது. இரண்டு படுக்கையறை, முன்னால் ஒரு மேப்பிள் மரம், சமையலறை ஜன்னலில் காலை வெயில். விற்றவர் ஐம்பது வயதைத் தாண்டிய பஸ் டிரைவர். தன் அம்மா இறந்த பிறகு அவர் வாழ்ந்த வீட்டை விற்றுக்கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர், சிரிக்கவும் மாட்டார். வவுச்சர் என்றாலே வீட்டை அரசு ஆட்கள் வந்து பரிசோதிப்பார்கள். அவர்கள் நீட்டிய பட்டியலைப் பார்த்து நான் பயந்தேன். படிக்கட்டுக் கைப்பிடி ஆடுகிறது, ஜன்னல் பெயிண்ட் உரிகிறது, அடுப்பில் ஒரு பர்னர் வேலை செய்யவில்லை, ஸ்மோக் அலாரம் பழசு. மனிதர் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் எல்லாவற்றையும் தன் கையாலேயே சரி பண்ணினார். ஆனால் அதில் மூன்று வாரம் ஓடிவிட்டது. பத்திரப் பதிவு டிசம்பர் இருபத்தெட்டு என்று முடிவாயிற்று.

நான் சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும். அதற்குப் பதில் சமையலறைச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக் கடையில் கொடுத்த தமிழ்க் காலண்டர். டிசம்பர் பதினாறு, மார்கழி ஒன்று.

மார்கழியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோக மாட்டார்கள். சும்மா ஒரு பழக்கமாக இருந்திருந்தால் நானே சிரித்துத் தள்ளியிருப்பேன். ஆனால் கல்யாணமாகி இங்கே வந்ததும் நாங்கள் முதலில் குடியேறிய அபார்ட்மெண்டுக்கு மார்கழியில்தான் போனோம். என் கணவருக்கு ஜனவரி இரண்டாம் தேதி வேலையில் சேர வேண்டியிருந்தது. அம்மா ஊரிலிருந்து வேண்டாம் வேண்டாம் என்றார், அவரும் நானும் கேலி பண்ணினோம். அவர் போன பிறகு அம்மா அதை ஒரு தடவைகூடச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். சொல்லாததனால் அது என் நெஞ்சுக்குள்ளேயே கிடந்தது.

போனில் அம்மாவிடம் தேதியைச் சொன்னேன்.

"ஒரு பதினஞ்சு நாளு தள்ளிப் போட்டா என்ன கண்ணு? தை பொறந்ததும் போயிக்கலாமே."

தள்ளிப் போட்டால் வவுச்சர் கெடு முடிந்துவிடும் என்று அம்மாவுக்குப் புரிய வைக்க முடியவில்லை. எனக்கே புரிந்தும் புரியவில்லை என்பதுதான் உண்மை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் ஒரு காரியம் பண்ணினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. என் வீட்டு ஏஜென்டைக் கூப்பிட்டு, பேங்கில் காகிதம் தாமதமாகிறது, ஜனவரி பாதிக்குத் தள்ளிப் போட முடியுமா என்று கேட்டேன். வீட்டுவசதி அலுவலகத்தில் எப்படியாவது கெஞ்சிக் கூடுதல் நாள் வாங்கிவிடலாம் என்று ஒரு நப்பாசை. மார்கழி என்று சொல்ல வெட்கம், அதனால் பேங்க் மேல் பழி.

மறுநாளே ஏஜென்ட் போன் பண்ணினார். அவர் குஜராத்திப் பெண், படபடவென்று பேசுவார். விற்பவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதாம். வவுச்சர் ஆட்களின் காகிதம் ஒருநாளும் முடியாது என்று அவருடைய அண்ணன் முதலிலேயே எச்சரித்தாராம். முழுப் பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு இன்னொருவர் வேறு காத்திருக்கிறாராம். வெள்ளிக்கிழமைக்குள் உறுதியாகச் சொல்லாவிட்டால் வீடு அவருக்கு.

வவுச்சர்காரர்கள் இப்படித்தான் என்று இத்தனை வருடம் என்னைத் திருப்பி அனுப்பியவர்கள் சொன்னதை, என் வாயாலேயே நிரூபித்துவிட்டேன். எனக்குப் பின்னால் அதே காகிதத்தோடு ஒருத்தி அந்த மனிதரிடம் போனால், அவளுக்கும் சேர்த்துக் கதவைச் சாத்திவிட்டேன். நான் அழுததைப் பார்த்து மகள் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"ஜஸ்ட் டெல் ஹிம் த ட்ரூத், அம்மா" என்று சொல்லிவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் இருவரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் கையில் ஒரு அட்டைப் பெட்டி, தன் அம்மாவுடைய தட்டுகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே என் அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். பேங்கில் ஒரு பிரச்சினையும் இல்லை, நான் சொன்னது பொய். எங்கள் வழக்கத்தில் அந்த மாதம் புது வீட்டில் கால் வைக்க மாட்டோம். ஒரு தடவை வைத்தேன், என் கணவர் இல்லை. கேட்டால் சிரிப்பீர்கள் என்று பயந்து பொய் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. பொய் சொன்னதுதான் தனக்குக் கோபம், மற்றது இல்லை என்றார். பிறகு, தன் அம்மா பழைய துடைப்பத்தைப் புது வீட்டுக்குள் கொண்டுவர விட மாட்டார், இந்த வீட்டுக்கு வந்தபோது அதை ஆற்றங்கரைவரை கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வரச் சொன்னார் என்றார். குடிபோவதென்றால் நீங்கள் என்னதான் செய்ய வேண்டும் என்று கேட்டார். பால் காய்ச்ச வேண்டும், அது பொங்கி வழிய வேண்டும் என்றேன். அவ்வளவுதானா என்றார். அவ்வளவுதான் என்றேன். அந்தக் கெட்ட மாதம் எப்போது ஆரம்பிக்கிறது? அடுத்த சனிக்கிழமை.

"அப்படியானால் திங்கட்கிழமை வந்து காய்ச்சிக்கொள்ளுங்கள். இன்னும் இது என் வீடுதான். என் வீட்டுக்கு யாரைக் கூப்பிடுவது என்று நான்தான் முடிவு பண்ணுவேன்."

பதிவு இருபத்தெட்டாம் தேதியே நடக்கட்டும், பால் மட்டும் முன்பே காய்ச்சிவிடுகிறோம் என்று ஏஜென்டிடம் சொன்னபோது, சட்டப்படி இது சரிவராது என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு, தனக்கு எதுவும் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

கார்த்திகை மாதக் கடைசித் திங்கட்கிழமை. நல்ல நேரம் காலை ஆறே காலிலிருந்து ஏழே கால் வரை. ஏழரைக்கு ராகு காலம். இரவு பனி பெய்திருந்தது. நாங்கள் போனபோது அவர் வாசல் பாதையைச் சுத்தமாக வழித்து உப்புத் தூவி வைத்திருந்தார். நான் வாசலில் சின்னதாக ஒரு கோலம் போட்டேன், குளிரில் விரல் மரத்துப்போய் நாலு புள்ளிக்கு மேல் வரவில்லை. உள்ளே பெட்டிகளை ஒதுக்கி அடுப்பைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். அது கரண்ட் அடுப்பு. ஆசையில் நான் பாத்திரம் நிறையப் பாலை ஊற்றிவிட்டேன். ஆறரை ஆயிற்று, ஏழாயிற்று, பால் அசையவே இல்லை. வீடியோ காலில் அம்மா.

"அடுப்பப் பெருசா வையி கண்ணு. இன்னும் பத்து நிமிசந்தான் இருக்குது."

அடுப்பு ஏற்கெனவே பெரிதாகத்தான் இருந்தது. நாங்கள் மூன்று பேரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஒரு தடவை தன் கடிகாரத்தைப் பார்த்தார். வேலைக்கு நேரமாகிவிட்டதோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது. காலை ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்று பிறகுதான் தெரிந்தது. ஏழு பத்துக்கு ஓரத்தில் நுரை கட்டியது. சட்டென்று பால் மேலே எழும்பியது. அந்த மனிதர் பழக்கத்தில் பாய்ந்து அடுப்பை அணைக்கப் போனார். என் மகள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இட்ஸ் சப்போஸ்ட் டு" என்றாள் மெதுவாக.

பால் கிழக்குப் பக்கமாகவே வழிந்தது. சிவந்த கம்பியில் பட்டுச் சுரீரென்று புகை கிளம்ப, பரிசோதனைக்காக அவர் புதிதாக மாட்டிய ஸ்மோக் அலாரம் வீடு அதிர அலறியது. அவர் கதவைத் திறக்க ஓடினார், மகள் துண்டை வீசினாள்.

"மணியெல்லாங்கூட ஏற்பாடு பண்ணிருக்கறயா கண்ணு" என்று போனில் அம்மா சந்தோஷமாகக் கேட்டார்.

எத்தனையோ வருடத்துக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். சர்க்கரை போட்டு மூவரும் பால் குடித்தோம். வழிந்து கருகியதைத் துடைக்கப் போனேன், அவர் விடவில்லை. கடைசி வருடங்களில் தன் அம்மாவும் அடிக்கடி பாலை இப்படி வழிய விட்டுவிடுவார், தான் கத்துவதுண்டு என்றார். அப்புறம் ஈரத் துணியை எடுத்துத் தானே துடைத்தார்.

கிளம்பும்போது தயங்கித் தயங்கி ஒன்று கேட்டேன். உப்பு, மஞ்சள், அரிசி, துவரம்பருப்பு, நான்கையும் சின்னச் சின்னக் கிண்ணங்களில் கொண்டுபோயிருந்தேன். அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அவர் அடுப்புக்கு மேலிருந்த அலமாரியைத் திறந்து காட்டினார்.

பதினேழு நாள் கழித்துப் பதிவு நடந்தது. நடுவில் வீட்டில் யார் யாரோ வந்து போயிருந்தார்கள், பொருள்களை ஏற்றிப் போகிறவர்கள், சுத்தம் செய்கிறவர்கள். கையெழுத்துக்கு முன் கடைசியாக ஒருமுறை வீட்டைச் சுற்றிப் பார்க்க விடுவார்கள். மார்கழி மாதம்தான், ஆனாலும் கால் வைக்கையில் பயம் இல்லை. வீடு மொத்தமும் காலி, ஒரு ஆணி மிச்சம் இல்லை. அடுப்பங்கரை அலமாரியில் மட்டும் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கொட்டை எழுத்தில், ஆங்கிலத்தில்: 'தொடாதீர்கள். உள்ளே இருப்பது வீட்டுக்காரம்மாவுடையது.' உள்ளே நான்கு கிண்ணமும் வைத்தது வைத்தபடி இருந்தன. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது.

தை மாதம் தமிழ்க் குடும்பங்களைக் கூப்பிட்டுப் பொங்கல் வைத்தேன். எப்படி வாங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டார். முதல் முறையாகத் தட்டுக் கழுவப் போகாமல், வவுச்சரில் வாங்கினேன் என்று சொன்னேன். பேச்சு உடனே வேறு எங்கோ போயிற்று. எல்லோரும் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் உப்பு தேடுகிற சாக்கில் அந்த அலமாரியைத் திறந்தார். நல்ல புடவை, நல்ல கார், ஒரு வருடமாகக் கணவர் அவருடன் இல்லை என்று அரசல் புரசலாகக் கேள்விப்பட்டிருந்தேன். காகிதத்தைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அதுக்கு எங்க போய் அப்ளை பண்ணணும்?"

மகள் இப்போது டெக்ஸாஸில் கல்லூரியில் படிக்கிறாள். அந்த அடுப்பு போய் வேறு அடுப்பு வந்துவிட்டது. அலமாரிக்கு இரண்டு தடவை பெயிண்ட் அடித்தாயிற்று, இரண்டு தடவையும் அந்தக் காகிதத்தைப் பதமாக உரித்தெடுத்து மறுபடி ஒட்டினேன். வீட்டுப் பத்திரம் பீரோவில் பூட்டி இருக்கிறது, அதை எடுத்துப் பார்த்து வருடக்கணக்காகிறது. காலையில் பால் காய்ச்சும்போது நான் பார்ப்பது, பத்திரத்தில் என் பெயர் ஏறுவதற்கு முன்பே என்னை வீட்டுக்காரம்மா என்று நம்பி ஒரு மனிதர் எழுதி ஒட்டிய அந்தக் காகிதத்தைத்தான்.